யானை லத்தி சொல்லும் பசிக் கணக்கு

மாட்டுக்குத் தீனி பத்தவில்லை என்றால் நமக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. விடிகாலையில் கட்டுத்தரைக்குப் போனதும் கண் முதலில் சாணியைத்தான் பார்க்கும். தண்ணியாகக் கழிந்திருக்கா, கட்டியாகப் போட்டிருக்கா, முழுத் தவசம் அப்படியே வெளியே வந்திருக்கா என்று பார்த்த மாத்திரத்தில், நேற்று என்ன தின்றது, வயிறு எப்படி இருக்கு என்று கணக்குப் போட்டுவிடுவோம். அதற்கப்புறம்தான் விலா எலும்பு, இடுப்பெலும்பு, கண்ணு, மூக்கு எல்லாம். இது நம்ம பாட்டன் பூட்டன் காலத்து வித்தை.

இதே வித்தையைத்தான் இப்போது விஞ்ஞானிகள் காட்டு விலங்குகளிடம் செய்து பார்க்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் சாணியைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. அதற்குள் இருக்கிற ஹார்மோன்களின் மிச்சத்தை அளந்து, இந்த விலங்கு வயிறாரத் தின்கிறதா, பட்டினி கிடக்கிறதா, பயந்து கிடக்கிறதா என்று சொல்லப் பார்க்கிறார்கள். காட்டோரத்தில் வெள்ளாமை செய்கிற நமக்கு இதில் நேரடியாகவே சம்பந்தம் இருக்கு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பசிக்கா, ருசிக்கா?

எங்கள் தோட்டம் தாளவாடி மலையில், காட்டை ஒட்டினாப்பல இருக்கு. ஒரு வருசம் ராகி பால் பிடிக்கிற சமயம். ராத்திரி மூன்று யானைகள் இறங்கி, பக்கத்துத் தோட்டத்து ராகியைத் தின்றது பாதி, மிதித்தது பாதி என்று முடித்துவிட்டுப் போய்விட்டன. விடிந்ததும் நாங்கள் போய்ப் பார்த்தபோது, ஒரு ஆராய்ச்சி மாணவி கையுறை மாட்டிக்கொண்டு வயலில் கிடந்த லத்தியை எடுத்துச் சின்ன டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அம்மிணி, தின்ன ராகிக்குக் கணக்கெடுக்க இன்னும் ஒருத்தரையும் காணோம். நீ லத்திக்குக் கணக்கெடுக்கறியா?”

“ஆமாங்க தாத்தா. இந்த யானை பசியில வந்துச்சா, ருசிக்கு வந்துச்சான்னு இதுல கொஞ்சம் தெரியுங்க.”

பெரியவர் சிரிக்கவில்லை. “எதுக்கு வந்திருந்தாலும் ராகி போனது போனதுதான்” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “ஆனா அது தெரிஞ்சா, என்ன பண்றதுன்னு தெரியுமில்ல?” என்றார்.

விசயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கு. யானை ஊருக்குள் வந்தால் நாம் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வோம். காட்டில் தீனி இல்லை, தண்ணி இல்லை, அதனால் வருது என்பார் ஒருத்தர். வெடி போட்டு விரட்டி விரட்டி மிரண்டு போச்சு என்பார் இன்னொருத்தர். ராகியும் கரும்பும் தின்று ருசி கண்டுபோச்சு என்பார் மூன்றாமவர். மூன்றும் நியாயமாகத்தான் படும். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறவேற. காரணம் தெரியாமல் செய்கிற வைத்தியம், மண்ணைப் பார்க்காமல் போட்ட உரம் மாதிரிதான்.

உடம்புக்குள் இரண்டு தூதர்கள்

ஹார்மோன் என்பது உடம்பு தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் சேதி. ஒரு சுரப்பியிலிருந்து புறப்பட்டு, ரத்தத்தில் ஏறி, வேறொரு உறுப்புக்குப் போய் ‘இதைச் செய், அதை நிறுத்து’ என்று சொல்லும். தீனிக் கணக்குக்கு முக்கியமான சேதிகள் இரண்டு.

முதலாவது கார்ட்டிசால். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருவது. புலி துரத்தினாலும், வெடிச் சத்தம் கேட்டாலும், அடிபட்டாலும், நாள்கணக்காகத் தீனி கிடைக்காவிட்டாலும் இது ஏறும். இதன் வேலை, அவசரத்துக்குக் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கச் சொல்வது. கொழுப்பைக் கரைத்து, தேவைப்பட்டால் தசையையும் உடைத்து, சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடும். ஒரு நாள் இரண்டு நாளைக்கு இது உயிர் காக்கும். மாசக்கணக்கில் ஏறியே கிடந்தால் நோய் எதிர்ப்பு குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும், உடம்பு இளைக்கும். விதைநெல்லை எடுத்துச் சோறாக்குகிற குடும்பம் மாதிரி. ஒரு வேளைக்கு வயிறு நிறையும், அடுத்த போகத்துக்கு என்ன செய்வது?

இரண்டாவது, தைராய்டு ஹார்மோன். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, நான்கு அயோடின் சேர்ந்த டி-4 என்பதைத்தான் அதிகமாகச் சுரக்கும். கல்லீரல் போன்ற இடங்களில் அதில் ஓர் அயோடின் கழன்று டி-3 ஆகும். வீரியமுள்ளது இந்த டி-3தான். உடம்பு என்கிற அடுப்பு எவ்வளவு எரியணும் என்று முடிவு செய்வது இது. நாள்கணக்காகத் தீனி குறைந்தால் உடம்பு டி-3யைக் குறைத்துவிடும். விறகு தீரப் போகிறது என்று தெரிந்தால் அடுப்பிலிருந்து கட்டையை வெளியே இழுத்துத் தணலில் வைப்பதில்லையா, அதுபோல. தீனி திரும்பக் கிடைத்தால் டி-3யும் திரும்ப ஏறும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்ட்டிசால் பயத்துக்கும் ஏறும், பசிக்கும் ஏறும். அது மட்டும் ஏறியிருந்தால் எதற்கு ஏறியது என்று சொல்ல முடியாது. டி-3 அப்படியல்ல. ஒரு நாள் பயத்துக்கெல்லாம் அது பெரிதாக அசைவதில்லை. தீனிக் குறைவுக்குத்தான் இறங்கும். ஆகவே கார்ட்டிசால் ஏறி டி-3 இறங்கியிருந்தால் பசி என்று சந்தேகப்படலாம். கார்ட்டிசால் ஏறியிருக்க, டி-3 நல்லாவே இருந்தால் பயம், தொந்தரவு என்று சந்தேகப்படலாம். காய்ச்சல் என்று வந்தவருக்கு நாக்கையும் பார்த்து நாடியையும் பார்ப்பது மாதிரி, ஒன்றுக்கு இன்னொன்று சாட்சி.

ரத்தம் எடுக்காமல் லத்தி எடுப்பது ஏன்?

ஹார்மோன் ரத்தத்தில்தானே ஓடுது, ரத்தத்தை எடுத்தால் முடிஞ்சதே என்று தோன்றலாம். காட்டு யானையிடம் யார் போய் ஊசி போடுவது? மயக்க ஊசி போட்டுப் பிடித்தாலும், பிடிக்கிற பயத்திலேயே சில நிமிசத்தில் கார்ட்டிசால் ஏறிவிடும். அப்புறம் நாம் அளப்பது அதன் பசியை அல்ல, நம்மைக் கண்ட பயத்தைத்தான்.

லத்தியில் அந்தத் தொல்லை இல்லை. ரத்தத்தில் வேலை முடிந்த ஹார்மோனைக் கல்லீரல் உடைத்து, பித்த நீரோடு குடலுக்கு அனுப்பும். அது சாணத்தோடு கலந்து வெளியே வரும். யானைக்கு இந்தப் பயணம் ஒன்று, ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். ஆகவே இன்றைய லத்தி நேற்று, முந்தாநாள் உடம்பின் நிலையைச் சொல்லும். அதுவும் ஒரு நொடியின் நிலையை அல்ல, பல மணி நேரத்தின் சராசரியைச் சொல்லும். யானை ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் லத்தி போடும் என்பதால் மாதிரிக்கும் பஞ்சமில்லை. அதை எடுப்பது யானைக்கே தெரியாது.

எடுப்பதில் பக்குவம் வேண்டும். லத்தி புதிசாக இருக்கணும். நேரம் ஆக ஆக அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஹார்மோன் மிச்சத்தையும் தின்று மாற்றிவிடும். வெயிலும் மழையும் கெடுத்துவிடும். மண்ணும் மூத்திரமும் படாத உள்பகுதியிலிருந்து, நாலைந்து இடத்தில் எடுத்துக் கலக்கணும். மண் பரிசோதனைக்கு நாம் வயலில் பல இடத்தில் மண் எடுத்துக் கலப்போமே, அதே முறைதான். உடனே ஐஸில் வைத்து, பிறகு உறைநிலையில் வைக்கணும்.

ஆய்வகத்தில் அதைக் காயவைத்துப் பொடியாக்கி, சலித்து, சாராயச் சத்தான எத்தனால் அல்லது மெத்தனாலில் கலக்குவார்கள். ஹார்மோன் மிச்சம் அதில் இறங்கிவிடும். அடுத்து அளக்கும் வேலை. கர்ப்பம் பார்க்கிற அட்டையை மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். குறிப்பிட்ட ஹார்மோனை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் ஒன்று அதில் தடவியிருக்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல. இங்கேயும் அதே கதைதான். 96 சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டில் கரைசலை விட்டு, நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து அளவைச் சொல்வார்கள். ஒரு கிராம் காய்ந்த லத்தியில் இத்தனை நானோகிராம் என்று கணக்கு. ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டில் ஹைதராபாத்தில் உள்ள அழிந்துவரும் உயிரினங்களுக்கான ஆய்வகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் இந்த வேலை நடக்கிறது.

கடலில் கிடைத்த பாடம்

இரண்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் கடலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் நடுவில் உள்ள கடலில் ஓர்கா என்ற திமிங்கலக் கூட்டம் ஒன்று இருக்கு. நூறுகூட இல்லாத சின்னக் கூட்டம். எண்ணிக்கை தேறவே மாட்டேன் என்கிறது. இவற்றின் முக்கியத் தீனி சினூக் என்ற சால்மன் மீன். ஆறுகளில் அணை கட்டியது, அதிகமாகப் பிடித்தது என்று பல காரணங்களால் அந்த மீன் குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம், திமிங்கலம் பார்க்க வரும் படகுகளின் இரைச்சல். எது பெரிய தொல்லை? மீன் இல்லாததா, படகா? மீனவர் படகுக்காரரைக் கைகாட்டலாம், படகுக்காரர் அணையைக் கைகாட்டலாம். நம்ம ஊர் கதைதான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர் குழு ஒரு வேலை செய்தது. கடலில் மிதக்கும் திமிங்கலச் சாணத்தை மோப்பம் பிடிக்க நாயைப் பழக்கினார்கள். டக்கர் என்ற கறுப்பு நாய் படகின் முனையில் நின்று, ஒரு மைலுக்கு அப்பால் மிதப்பதைக்கூட மூக்கால் காட்டிக்கொடுத்ததாம். அப்படிச் சேர்த்த சாணத்தில் இரண்டு ஹார்மோனையும் அளந்தார்கள். படகுகள் அதிகமாக மொய்க்கும் கோடைக் காலத்தின் பிற்பகுதியில் மீனும் அதிகம். பயம்தான் பெரிய தொல்லை என்றால் அப்போது கார்ட்டிசால் வகை ஹார்மோன் ஏறியிருக்கணும். மாறாக, இறங்கித்தான் இருந்தது. மீன் குறைந்த காலத்தில்தான் ஏறியது. டி-3யும் மீன் வரத்தை ஒட்டியே ஏறி இறங்கியது. படகால் தொந்தரவே இல்லை என்பதல்ல; முதல் தொல்லை பசி என்பது 2012இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு.

2017இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது. சாணத்தில் சினை ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்ததில், 2008 முதல் 2014 வரை கண்டறிந்த சினைகளில் 69 சதவீதம் வரை குட்டியாகத் தேறவில்லை. குட்டி தங்காததற்கும் தீனிக் குறைவைக் காட்டும் ஹார்மோன் அளவுக்கும் தொடர்பு இருந்தது. பால்மாடு வைத்திருக்கிற யாருக்கும் இது புதுசில்லை. கோடையில் தீனியில்லாமல் இளைத்த மாடு சினை நிற்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கடலுக்குள் நடந்ததை, மிதக்கிற சாணம் வெளியே சொன்னது பெரிய விசயம்.

நம்ம காட்டு யானை என்ன சொல்லுது?

இப்போது நம்ம பக்கம் வருவோம். பெரிய யானை ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம் தின்னும். ஆனால் அது மாடு மாதிரி அசைபோடும் பிராணி அல்ல. தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. லத்தியைப் பிய்த்துப் பார்த்தால் நார் நாராக, விதை விதையாக வருவது அதனால்தான். பகலும் இரவுமாகத் தின்றுகொண்டே இருந்தால்தான் அந்த உடம்பு தாங்கும். தீனியின் தரம் கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு இடிக்கும்.

மைசூர்–நீலகிரிப் பகுதிக் காட்டு யானைகளை வைத்து, இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாம் மாட்டைப் பார்ப்பது போலவே அவர்களும் முதலில் யானையின் உடலைப் பார்த்தார்கள். நெற்றிப்பொட்டு குழிந்திருக்கா, தோள்பட்டை எலும்பும் விலாவும் தெரியுதா, முதுகெலும்பு துருத்தியிருக்கா, இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு நிற்குதா என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பிறகு அதே யானைகளின் லத்தியில் கார்ட்டிசால் வகை ஹார்மோன் மிச்சத்தை அளந்தார்கள். மெலிந்த யானைகளில் ஹார்மோன் அதிகம். தேறிய யானைகளில் குறைவு. வறண்ட காலத்தில் உடம்பு மெலிவதும் ஹார்மோன் ஏறுவதும் சேர்ந்தே நடந்தன. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டு யானைகளிலும் வறண்ட காலத்தில் இந்த ஹார்மோன் ஏறுவதை 2001லேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆக, காட்டில் தீனிக் கஷ்டம் இருக்கு என்பது வெறும் வாய்ப்பேச்சில்லை. அதற்குக் காரணங்களும் நம் கண்முன்னால் நிற்குது. புல் முளைக்கிற இடத்தை எல்லாம் உண்ணிச்செடி பிடித்துக்கொண்டிருக்கு. அதை மாடும் தின்னாது, யானையும் ஒதுக்கும். தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டுப்போகும் என்று நமக்கே தெரியும். நீலகிரிப் பக்கம் மஞ்சள் பூ பூக்கும் வெளிநாட்டுக் கொன்னை, சமவெளியில் சீமைக்கருவேல், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்ட தேக்கும் தைலமரமும் என்று, பச்சையாகத் தெரிகிற காடெல்லாம் தீனிக் காடு இல்லை.

வெள்ளாமைக்கு இறங்கிய யானை

கதை இதோடு முடிந்திருந்தால், ‘காட்டில் தீனியைப் பெருக்கினால் யானை வராது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அதே குழு 2019இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்குது.

கர்நாடகத்தில், ஊரும் வயலும் கலந்து கிடக்கும் பகுதியில் சுற்றிக்கொண்டு பயிர் தின்கிற யானைகளின் லத்தியையும், பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே இருக்கும் யானைகளின் லத்தியையும் ஒப்பிட்டார்கள். ஆளும் வெடியும் வெளிச்சமும் உள்ள இடத்தில் திரியும் யானைக்குத்தானே பதற்றம் அதிகம் இருக்கணும்? நாமும் அப்படித்தான் நினைப்போம். வந்த முடிவு நேர்மாறு. பயிர் தின்னும் யானைகளின் லத்தியில் கார்ட்டிசால் வகை ஹார்மோன் குறைவாக இருந்தது. காரணத்தைத் தேடினால் அது தீனியின் தரத்தில் இருந்தது.

தீனியின் தரத்தை எப்படி அளந்தார்கள் என்பது இயற்கை விவசாயிகளுக்கு ஒரு நிமிசத்தில் புரியும். மட்கு உரம் போடும்போது நாம் பார்க்கும் கரிமம்–தழைச்சத்து விகிதம்தான்! வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து கொஞ்சம். அதனால் சீக்கிரம் மட்காது. அகத்தி, கிளைரிசிடியா தழையில் தழைச்சத்து அதிகம், உடனே மட்கும். தழைச்சத்து என்பது புரதத்தின் முதல் பொருள். லத்தியில் இந்த விகிதம் குறைந்திருந்தால், அந்த யானை தின்ற தீனியில் புரதம் நன்றாக இருந்தது என்று கொள்ளலாம். பயிர் தின்ற யானைகளின் லத்தியில் விகிதம் குறைந்துதான் இருந்தது. நல்ல சாப்பாடு பதற்றத்தை ஆற்றுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இதற்குப் பல வருசம் முன்னாலேயே, சத்தியமங்கலம்–பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் 1980களில் வேலை செய்த சுகுமார் ஒன்றைக் கண்டு எழுதியிருக்கிறார். காட்டுப் புல்லைவிட நாம் விளைவிக்கும் தவசப் பயிர்களில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் உப்புச்சத்தும் அதிகம். மழை பெய்ததும் முளைக்கும் இளம்புல் சத்தானதுதான். ஆனால் அது வளர்ந்து முற்ற முற்ற நார் ஏறி, புரதம் குறைந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து நம்ம ராகி பால் பிடிக்கும். காடு பச்சையாக இருக்கும்போதே யானை ஏன் வருது என்ற நம் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கு. ஆண் யானை, குட்டிகளோடு இருக்கும் கூட்டத்து யானையைவிடப் பல மடங்கு அதிக இரவுகள் வெள்ளாமைக்கு இறங்குவதையும் அவர் கணக்கெடுத்தார். இனப்போட்டியில் பெரிய உடம்புதான் ஆணுக்குச் சொத்து. அந்த உடம்பைச் சேர்க்க அது துணிந்து வருது.

எங்கள் பெரியவருக்கு இதைச் சொன்னபோது அவர், “நாம வருசம் பூரா சாணியும் ஜீவாமிர்தமும் ஊத்தி மண்ணத் தேத்தி வெச்சிருக்கோம். அது அதைக் கண்டுபுடிச்சு வருது. நல்ல தீனி எதுன்னு யானைக்குத் தெரியாதா என்ன?” என்றார். கோவம் கொஞ்சம், பெருமை கொஞ்சம்.

ஏமாறக்கூடிய இடங்கள்

எந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. ஒரே ஒரு லத்தியை வைத்து ஒரு யானைக்கு ஜாதகம் எழுதக் கூடாது.

ஆணா பெண்ணா, சினையா, மதம் பிடித்திருக்கா என்பதெல்லாம் ஹார்மோன் அளவை மாற்றும். யானையின் சினைக்காலமே 20 முதல் 22 மாசம். அத்தனை நாளும் அளவுகள் மாறிக்கொண்டிருக்கும். அதிக நார் தின்றால் லத்தியின் அளவு கூடி, ஒரு கிராமுக்குள் இருக்கும் ஹார்மோன் நீர்த்துவிடும். சாணிப்பாலில் தண்ணி கூடக் கலந்தது மாதிரி. ஒரு விலங்குக்குச் சரியான எதிர்ப்புப் புரதம் இன்னொன்றுக்குச் சரிப்படாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கணும். கார்ட்டிசால் குறைவாக இருந்தாலே எல்லாம் சுகம் என்றும் சொல்ல முடியாது. ராத்திரி ராகி தின்று நிம்மதியாக இருக்கும் யானை, அடுத்த ராத்திரி திருட்டு மின்கம்பியில் மாட்டிச் சாகலாம். அந்த ஆபத்து லத்தியில் தெரியாது.

அதனால்தான் உடம்பின் மதிப்பெண், ஹார்மோன், தீனியின் தரம், பருவம் நான்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். விலங்குக்குத் தகுந்தாற்போல வழியும் மாறும். போர்னியோ காட்டில் மரத்திலேயே வாழும் ஓராங்குட்டான் குரங்குகளுக்குச் சாணத்தைவிட மூத்திரம் வசதி. மரத்தடியில் பிடித்த மூத்திரத்தில், இன்சுலின் உண்டாகும்போது கூடவே பிறக்கும் சி-பெப்டைடு என்ற பொருளை அளக்கிறார்கள். பழம் நிறைந்த காலத்தில் அது ஏறும், பழம் இல்லாத காலத்தில் இறங்கும். பஞ்சம் முற்றினால் கொழுப்பு கரைவதைக் காட்டும் கீட்டோன் மூத்திரத்தில் தெரியும். மனிதருக்குச் சர்க்கரை நோய்க்குப் பார்க்கிற அதே பட்டைதான் அதற்கும்.

நமக்கு என்ன செய்தி?

பெரியவரின் கேள்விக்கு வருவோம். தெரிந்தால் என்ன பண்றது?

யானை மெலிந்திருக்கு, கார்ட்டிசால் ஏறியிருக்கு, டி-3 இறங்கியிருக்கு என்றால் அது பசி. வைத்தியம் காட்டுக்குள் இருக்கு. உண்ணிச்செடியையும் அந்நியக் கொன்னையையும் வேரோடு எடுத்து, புல்லும் மூங்கிலும் திரும்ப வரச் செய்யணும். வலசைப் பாதையை அடைத்துக் கட்டிய வேலிகளையும் கட்டடங்களையும் கேள்வி கேட்கணும். இது தனி உழவர் செய்யக்கூடிய வேலை இல்லை, அரசு செய்ய வேண்டியது. கேட்டு வாங்க வேண்டியது நாம்.

உடம்பும் டி-3யும் நல்லா இருக்கு, கார்ட்டிசால் மட்டும் ஏறியிருக்கு என்றால் பயம், தொந்தரவு. இரவு வாகனங்கள், காட்டோர விடுதிகளின் சத்தம், கண்ட கண்ட நேரத்தில் வெடி என்று எதுவென்று பார்த்துக் குறைக்கணும். மிரண்ட யானைதான் ஆளைத் தாக்கும். விரட்டுவதில் நிதானம் வேண்டும் என்பது யானைக்காக மட்டுமில்லை, வயல்காவலுக்குப் போகும் நம்ம வீட்டு ஆளுக்காகவும்தான்.

உடம்பும் நல்லா இருக்கு, ஹார்மோனும் அமைதியாக இருக்கு, லத்தியில் தழைச்சத்தும் அதிகம் என்றால் வந்தது பசிக்கு இல்லை, நல்ல தீனிக்கு. அப்போது காட்டுக்குள் தண்ணித்தொட்டி கட்டியது போதும், இனி வராது என்று நம்பி உட்கார முடியாது. காவல் வயலோரத்தில்தான் இருக்கணும். பால் பிடிக்கிற அந்த மூன்று நாலு வாரம் ஊராகச் சேர்ந்து முறை போட்டுக் காவல் இருப்பது, ஒரே பக்கமாக இழுத்த சோலார் வேலியை எல்லாரும் சேர்ந்து பராமரிப்பது, யானை அதிகம் தொடாத மஞ்சள், மிளகாய் போன்றவற்றைக் காட்டோர வரப்புப் பக்கம் வைப்பது என்று வழிகள் இருக்கு. வேலி தோற்பது பெரும்பாலும் பராமரிப்பில்தான். கீழே செடி முளைத்துக் கம்பியைத் தொட்டாலே மின்சாரம் இறங்கிவிடும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது யானையையும் கொல்லும், நம்ம ஆட்டையும் மாட்டையும் பிள்ளையையும் கொல்லும். சட்டப்படி குற்றமும் கூட.

இழப்பீட்டுப் பேச்சுக்கும் இதில் ஒரு வலு இருக்கு. இயற்கையாக மண்ணை வளர்த்து நாம் விளைவித்த சத்தான பயிர், காட்டு யானைக்கும் சோறு போடுகிறது என்பதை லத்தியே சாட்சி சொல்லுது. நாடு யானையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வதில் நமக்கும் சம்மதம்தான். அந்தச் சோற்றுச் செலவைக் காட்டோரத்து ஏழை உழவன் ஒருத்தன் மட்டும் ஏற்கக் கூடாது. சேதத்தை உடனே வந்து பார்த்து, விளைச்சலின் உண்மையான மதிப்புக்குப் பணம் கொடுப்பது தர்மம் அல்ல, கடன்.

அடுத்த தடவை வயலில் லத்தி கிடந்தால் கோவத்தில் எட்டி உதைப்பதற்கு முன்னால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நாராக இருக்கா, தவசமாக இருக்கா, முந்தின நாள் காட்டில் தின்ற மூங்கிலா, பக்கத்து ஊர் ராகியா என்று பிய்த்துப் பார்த்தாலே பாதி தெரியும். எந்த மாசம், எந்தப் பயிர், எந்தப் பக்கமிருந்து வந்தது, யானை மெலிந்திருந்ததா தேறியிருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஆய்வுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக்கூடிய நல்ல உதவி அது. இழப்பீடு கேட்கப் போகும்போது கையில் இருக்கும் சாட்சியும் அதுதான்.

அன்றைக்கு அந்த மாணவி புறப்படும்போது பெரியவர் எழுந்து போய் வேலியோரத்தில் கிடந்த இன்னொரு லத்தியைக் காட்டினார். “இதையும் எடுத்துக்கோ கண்ணு. இது விடிகாலையில போட்டது, இன்னும் சூடு ஆறலை.”